சாமியாத்தாளின் அங்க அடையாளம்

போன மாதம் சாமியாத்தாளுக்கு ஆஸ்பத்திரியில் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். இரண்டு வருஷம் முன்பே ரிடையராகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள், காராபூந்தியும் காபியும் கொடுத்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரி. பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் புது கிளார்க் எழுந்து பாராட்டுப் பத்திரம் ஒன்று வாசித்தான். "அடக்கமும் பணிவும் உருவானவர், இருபது வருஷத்தில் மேலதிகாரிகளின் சொல்லை ஒரு நாளும் தட்டாதவர்" என்று அதில் இருந்தது. எனக்குக் காபி புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் என் தலையில் தட்டினார். சாமியாத்தாளோ மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாராட்டுகிறேன் என்று ஒரு மனுஷியை இப்படியா அவமானப்படுத்துவது? நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவள் தட்டிய உத்தரவை என் கையாலேயே எழுதினவன் நான். என்னைவிட இதற்குப் பொருத்தமான ஆள் கிடையாது.

மைசூரில் அக்ரஹாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த சிறிய பிரசவ ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். இருபது கட்டில், இரண்டு டாக்டர், நான்கு நர்ஸ், நான்கு ஆயா. கிளார்க் என்று இருந்தது பட்டாபிராமனாகிய நான் ஒருவன்தான். ஹெட் கிளார்க் என்று பலகை மாட்டியிருந்தேன், எனக்குக் கீழே யாரும் இல்லாவிட்டாலும்.

சாமியாத்தாளுக்குச் சொந்த ஊர் மார்டள்ளி, மாதேஸ்வரன் மலைக்குப் போகும் காட்டுப் பக்கம். அந்தப் பக்கம் நம் மகாராஜா சீமையில் சேர்ந்தது அல்ல. கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் ஆட்சி. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்குக் கோயமுத்தூரைவிட மைசூர் கிட்டம். இரண்டு பிரசவம் தப்பிப்போன அண்ணன் மனைவியை, மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, கொள்ளேகாலம்வரை மாட்டு வண்டியிலும் அங்கிருந்து மோட்டார் பஸ்ஸிலும் கூட்டிக்கொண்டு 1926இல் இங்கே வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் அவள் சும்மா உட்காரவில்லை. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் தண்ணீர் சுமந்தாள், குழந்தைகளைக் குளிப்பாட்டினாள், வலி கண்டு அலறியவர்களின் இடுப்பைப் பிடித்துவிட்டாள். அண்ணன் மனைவி பிள்ளையோடு ஊருக்குப் போனாள். இவளை அப்போதிருந்த பெரிய டாக்டரம்மா போக விடவில்லை.

"உன் புருஷன் தேட மாட்டானா?" என்று நான்தான் கேட்டேன். வேலைக்கு எடுக்கும்போது கேட்டுவைப்பது வழக்கம்.

"எனக்குக் கொழந்தை இல்லீன்னு அவருக்கு வேற ஆளு கெடச்சிருச்சுங்க சாமி. இப்ப எனக்கு வேற வேலை கெடச்சிருச்சுங்க. தீந்துதுங்க."

அவளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பச்சைதான். நெற்றியில் பொட்டுக்குக் கீழே ஒரு சிறிய கோடு, மோவாயில் ஒரு புள்ளி. வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தேர்க்கோலம், அதன் பக்கத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தேள். பத்து வயதில் குத்தினதாம். தேளைக் குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்று அவர்கள் பக்கத்தில் நம்பிக்கை.

"கொட்டவே இல்லையா?" என்றேன்.

"ரெண்டு தாட்டி கொட்டிருச்சுங்க. அதுக்காவ தேளக் கோவிச்சுக்க முடியுங்களா?"

பச்சை இல்லாத கையிலிருந்து அவள் ஊரில் மாமியார் தண்ணீர்கூட வாங்கமாட்டாளாம். மூளிக்கை என்பார்களாம். ஹனூர், கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே நடுங்கிக்கொண்டு வரும் பெண்கள் அந்தக் கையைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பெயர் தெரியாதவர்கள் "தேள்க்காரம்மா" என்றுதான் அவளைக் கேட்பார்கள்.

1931இல் ஆயாக்களின் வேலையை நிரந்தரமாக்கினார்கள். அப்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு சர்வீஸ் புஸ்தகம் திறந்தேன். முதல் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், பெருவிரல் ரேகை, அங்க அடையாளம். ரேகை எடுக்கப் போனால் இவர்களுக்கு விரலில் ரேகையே இல்லை. வருஷக்கணக்காகப் பினாயிலிலும் கார்பாலிக் சோப்பிலும் ஊறித் தேய்ந்துபோயிருந்தது. மை அப்பினால் வட்டமாக ஒரு கறைதான் விழுந்தது. ஆகவே அங்க அடையாளத்தை ஒழுங்காக எழுத வேண்டியிருந்தது. சாமியாத்தாளைக் கையை நீட்டச் சொல்லி, "வலது முன்கையில் பச்சையால் குத்திய தேர்க்கோலம், தேள், நெற்றியில் பச்சைக் கோடு, மோவாயில் புள்ளி" என்று இங்கிலீஷில் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு விளையாட்டுப் பேச்சும் பேசினேன்.

"இதோ பார், இந்தப் பச்சை இருக்கிறவரைக்கும்தான் நீ சாமியாத்தாள். இது போச்சுன்னா சர்க்காருக்கு நீ யாரோ, எவரோ."

"அப்படீங்களா சாமி?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

1936 ஜனவரியில் டாக்டர் கனகலக்ஷ்மி சூப்பரிண்டெண்டாக வந்தார். கெட்டிக்காரி. கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது. அவர் வந்து இரண்டே மாதத்தில் பிரசவக் காய்ச்சல் பாதிக்குமேல் குறைந்தது, இதை எழுதாமல் விட்டால் நான் அயோக்கியன். ஆனால் அவருக்கு ஒரு முள் உள்ளே தைத்திருந்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் பட்டாபிராமன், மார்ச் கடைசியில பெங்களூர்லேர்ந்து லேடீஸ் கமிட்டி வர்றது. வெள்ளைக்காராளும் வரா. நம்ம ஆயா மூஞ்சியும் கையும் பச்சை பச்சையா வந்து நின்னா என்ன நினைப்பா?"

நான் நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

"சீமையில பச்சை குத்திக்கறவா கப்பல்காராளும் சர்க்கஸ்காரிகளும்தான். நான் அங்கே படிக்கறச்சே வகுப்பில நம்ம தேசத்துப் பொம்மனாட்டி படம் ஒண்ணைக் காட்டினா. நெத்தி, கன்னம் எல்லாம் பச்சை. எல்லாரும் சிரிச்சா. நான் ஒருத்திதான் தலையைக் குனிஞ்சுண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஆஸ்பத்திரியில அது வேண்டாம். ஒரு ஆர்டர் எழுதுங்கோ."

எழுதினேன். வார்டிலும் பிரசவ அறையிலும் வேலை செய்யும் ஆயாக்களுக்குப் பச்சை வெளியே தெரியக் கூடாது. கையில் இருப்பதை மணிக்கட்டுவரை ரவிக்கைக் கையால் மூட வேண்டும். முகத்தில் இருப்பதை நீக்கிக்கொள்ள வேண்டும். மறுப்பவர்களுக்கு வார்டு வேலை கிடையாது. நீக்கிக்கொள்வது என்றால் எப்படி என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நம்பர் போட்டு வராந்தாப் பலகையில் ஒட்டினேன். என் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு.

நான்கு ஆயாக்களில் இரண்டு பேர் பட்டணத்துப் பெண்கள், அவர்களுக்குப் பச்சை இல்லை. இருந்தது சாமியாத்தாளுக்கும் மல்லம்மாவுக்கும். மல்லம்மா ஹனூர்க்காரி. சின்ன வயது, புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். சத்தமாகப் பேசத் தெரியாதவள். அவள் நெற்றி நடுவில் முக்கோணமாக மூன்று பச்சைப் புள்ளிகள் இருந்தன. புருஷன் செத்தபோது குங்குமத்தை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள், அந்த மூன்று புள்ளியை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை. "எனக்குன்னு மிஞ்சுனது இதுதானுங்க" என்று அவள் ஒரு முறை சொன்னதாக ஞாபகம்.

இருவரையும் நிற்க வைத்து ஆர்டரைத் தமிழில் படித்துக் காட்டினேன். மல்லம்மா நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள். சாமியாத்தாள் கேள்வி கேட்டாள்.

"பொறக்கற கொழந்தைய ஏந்தறப்ப முழங்கை வரைக்கும் நனையுமுங்க சாமி. துணி போட்டு மூடிட்டா, நனஞ்ச துணியோட அடுத்த கொழந்தையத் தூக்கச் சொல்றீங்களா?"

"ஆர்டர்" என்றேன்.

"ஆர்டரு எழுதுனவங்க ஒரு கொழந்தையக் குளிப்பாட்டிப் பாத்துட்டு எழுதியிருக்கலாமுங்க."

எழுதினவன் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லிவிட்டு, உள்ளே ஒரு பெண் கத்துகிறாள் என்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அரைக் கை ரவிக்கையோடு வந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, ஏன் மூடவில்லை என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"இது அழுக்கு இல்லீங்க டாக்டரம்மா. அழுக்கா இருந்தா இந்தப் பத்து வருசத்துல உங்க சோப்புல போயிருக்குமுங்க. திருடிட்டு வந்ததும் இல்லீங்க. எதுக்குங்க மறைக்கோணும்?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், சாமியாத்தாள்."

"பச்சை இல்லாதவங்களுக்கு எங்கீங்க ரூலு? எனக்கும் மல்லம்மாளுக்குந்தானுங்க."

அன்றைக்கே அவளைப் பின்பக்கம் துணி வெளுக்கிற கொட்டகைக்கு அனுப்பினார்கள். கெஞ்சுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், கெஞ்சவில்லை. ஆனால் முகம் இறுகிப்போயிற்று. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்தப் பிரசவ அறை. தனக்குப் பிள்ளை இல்லாத அவள் பத்து வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருப்பாளோ எனக்குக் கணக்குத் தெரியாது. இனி அந்த அறைக்குள் போக வேண்டுமானால் முகத்தையும் கையையும் அவர்கள் சொன்னபடி செய்துகொண்டு போக வேண்டும். அல்லது வாழ்நாள் முழுதும் ரத்தத் துணி வெளுக்க வேண்டும்.

கொட்டகைக்கும் பிரசவ அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே யாராவது வலியில் அலறினால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இவள் குரல் கொடுப்பாள். "கத்தி மூச்ச வீணாக்காத அம்முணி! பல்லக் கடிச்சிட்டு அமுக்கு! அப்படித்தான்!" உள்ளே இருப்பவளுக்கு அது கேட்கும். நிறுத்தச் சொல்லி நர்ஸை அனுப்பினார்கள். "ஆர்டருல கையயும் மூஞ்சியயுந்தான மூடச் சொல்லியிருக்குது, வாய மூடச் சொல்லி எங்கீங்க இருக்குது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். நர்ஸ் என்னிடம் வந்து ஆர்டரைப் பார்த்தாள். இல்லைதான்.

என் வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். என் மனைவி கமலம்மாள் சாதம் பரிமாறும்போது ஆர்டர் விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

"அப்போ நாளையிலேர்ந்து உங்களுக்கு யார் சாதம் போடறது?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் முன்கையிலும் ஒரு பச்சைக் கோலம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே குத்தினது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை எனக்குச் சோறு போட்டிருக்கிறது, ஆர்டர் எழுதும்போது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. அன்றைக்கு நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மல்லம்மா பயந்துவிட்டாள். கொட்டகைக்கு இன்னொரு ஆள் தேவையில்லை, அதனால் தன்னை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நகை வேலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் போய், பொன்னைச் சுத்தம் செய்யும் திராவகத்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கி, கோழி இறகால் நெற்றியில் தொட்டு வைத்திருக்கிறாள். ஒரு வாரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். எட்டாம் நாள் நெற்றி முழுக்க வீங்கிச் சீழ் வைத்து, வார்டிலேயே மயங்கி விழுந்தாள்.

டாக்டர் கனகலக்ஷ்மியே அவளைப் படுக்கவைத்துக் கழுவி மருந்து கட்டினார். "யாருடி உனக்கு இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கத்தினாராம். மல்லம்மா வராந்தாப் பலகையைக் காட்டினாளாம். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். ஆனால் புண்ணோடு பிரசவ வார்டில் யாரும் நிற்கக் கூடாது. அதுவும் அவருடைய ரூல், நியாயமான ரூல். புண் ஆறும்வரை சம்பளமில்லாத லீவு என்று மல்லம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்னதைச் செய்தவளுக்குக் கிடைத்தது இது. அந்த லீவு உத்தரவையும் நான்தான் எழுதினேன்.

சாமியாத்தாள் அன்று என் ஜன்னலுக்கு எதிரே கொடியில் துணி உலர்த்தினாள். ஒவ்வொரு துணியையும் உதறின உதறலில் என் மேஜையில் காகிதம் பறந்தது.

மார்ச் மாதம் பிறந்தது. சர்வீஸ் புஸ்தகத்தின் முதல் பக்கத்தை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்த்து, மேலதிகாரி மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். 1931இல் திறந்த புஸ்தகங்கள், ஆகவே இது அந்த வருஷம். கமிட்டி வருவதற்கு முன்பு ஆபீஸ் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆயாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மல்லம்மா லீவிலிருந்து வந்து நின்றாள். கட்டுப் பிரித்திருந்தது. மூன்று புள்ளி இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் சுருங்கி, வெளுத்து, பளபளவென்று ஒரு தழும்பு.

நான் புஸ்தகத்தைப் படித்தேன். "அங்க அடையாளம்: நெற்றி நடுவில் பச்சைப் புள்ளி மூன்று." நெற்றியைப் பார்த்தேன். கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். அது அன்றைக்கே கறை.

"அடையாளம் ஒத்துவரலையே, மல்லம்மா" என்றேன்.

அவள் பாவம், அழ ஆரம்பித்தாள். தன் வேலை போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். அடுத்த ஆளாக வாசலில் நின்றிருந்த சாமியாத்தாள் ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க சாமி? இந்தப் பச்சை போனா சர்க்காருக்கு நீ ஆரோன்னு சொன்னீங்க. நாங்க மறக்கலீங்க. இப்ப இவ ஆருங்க?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க சாமி. பச்சைய வெச்சுத்தான் எங்களப் புஸ்தகத்துல எழுதுனீங்க. பொறவு அதே பச்சைய அழிச்சுட்டு வான்னு செவுத்துல எழுதுனீங்க. ரெண்டும் ஒரே கையி எழுதுனதுதானுங்களே. அழிச்சுட்டு வந்தா ஒத்துவரலீங்கறீங்க. எந்த எழுத்தத்தானுங்க நாங்க நம்பறது?"

முப்பது வருஷ உத்தியோகத்தில் அப்படிக் கூனிக் குறுகி நான் உட்கார்ந்ததில்லை.

"தழும்புன்னு எழுதறேன்" என்றேன் கடைசியில். "நெற்றியில் தழும்பு. அது போதும்."

"போதாதுங்க. எப்பிடி வந்துச்சுன்னும் எழுதுங்க. எழுதாம உட்டா நாளைக்கு இவ எங்கியோ திருடப் போயி அடிபட்டதும்பாங்க."

அடையாளம் மாறினால் காரணத்தையும் பக்கத்தில் குறிப்பது எங்கள் ஆபீஸில் வழக்கம்தான். கை ஒடிந்தவனுக்குக் கை ஒடிந்தது என்று எழுதியிருக்கிறேன். நான் காரணத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். கமலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்து எழுதினேன். "நெற்றியில் திராவகத் தழும்பு. முன்பிருந்த பச்சைப் புள்ளி மூன்றும் இல்லை. காரணம்: இந்த ஆபீஸின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது." உத்தரவின் நம்பரையும் தேதியையும் போட்டேன். எழுத்து நன்றாகவே விழுந்தது.

மூவருமாக டாக்டர் அறைக்குப் போனோம். டாக்டர் கனகலக்ஷ்மி பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"தழும்புன்னு மட்டும் எழுதினாப் போறாதா, மிஸ்டர் பட்டாபிராமன்?"

"காரணம் எழுதறது வழக்கம், மேடம்." இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

"இது பென்ஷன் வரைக்கும் இருக்கும். வர்றவா எல்லாரும் படிப்பா."

"தழும்பும் இருக்குமுங்க டாக்டரம்மா" என்றாள் சாமியாத்தாள். "அதையும் வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க."

டாக்டர் மல்லம்மாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அழிச்சுக்கோன்னு சொன்னது பவுடர் கிவுடர் போட்டு மறைச்சுக்கறதுக்குத்தான். சிரிக்கப்படாதுன்னு நினைச்சேன். நம்மளைப் பார்த்து அவா சிரிக்கப்படாது, அவ்வளவுதான்."

"சிரிக்கறவங்க இங்க வந்து ஒரு புள்ள பெத்துக்கட்டுமுங்க. வலி வர்றப்ப இந்தக் கையப் புடிக்கறாங்களா, இல்ல சிரிக்கறாங்களான்னு பாக்கலாம்."

டாக்டருக்குக் கோபம் வந்தது, காது மடல் சிவந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. ஆர்டர் பைலைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். என் அழகான இங்கிலீஷின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, "ரத்து" என்று எழுதித் தேதி போட்டார். பைலை என்னிடம் நீட்டினார். சர்வீஸ் புஸ்தகத்தை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

நான் திரும்பினேன். மல்லம்மாவும் திரும்பினாள். சாமியாத்தாள் நகரவில்லை.

"அதுலயும் கையெழுத்துப் போடுங்க தாயி."

"ஆர்டரைத்தான் ரத்து பண்ணிட்டேனே. நாளையிலேர்ந்து நீ லேபர் ரூமுக்குப் போ. வேறென்ன வேணும்?"

"எனக்கு ஆச்சுங்க. இவளுக்கு ஆகலீங்களே. செவுத்துல ஒட்டுனதக் கிழிச்சாப் போயிருமுங்க. நெத்தியில ஒட்டுனது போவாதுங்களே. அது எப்பிடி வந்துச்சுன்னு நீங்க ஒப்புக்கோணும்."

பிரசவ அறை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். என்னைக் கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தேள் மேலே தெரிய, அங்கேயே நின்றாள். வெளியே ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. டாக்டர் புஸ்தகத்தைத் திறந்தார். நான் எழுதிய வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து எப்போதும் கோணல்மாணலாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி நிதானமாகப் போட்டார். மல்லம்மாவின் லீவைச் சம்பளத்தோடு கூடிய லீவாக மாற்றி எழுதச் சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை அன்றைக்குத்தான் வந்தது.

கமிட்டி வந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சாமியாத்தாளின் கையைப் பிடித்துத் தேளைக் காட்டி ஏதோ கேட்டாள். டாக்டர் மொழிபெயர்த்தார். சாமியாத்தாள், "கொட்டாதுங்க, கிட்ட வந்து பாருங்க" என்றாள். சீமாட்டி சிரித்தாள். டாக்டர் தலையைக் குனியவில்லை. இதுவும் என் கண்ணால் பார்த்தது.

அதற்குப் பிறகு நஞ்சன்கூடு தேர் வந்தது. சாமியாத்தாளும் மல்லம்மாவும் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு ரயிலில் போய் வந்தார்கள். மறுநாள் காலை நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தபோது சாமியாத்தாள் என் மேஜைமேல் வலது கையை வைத்தாள். புறங்கை வீங்கியிருந்தது. மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சளுக்கு நடுவில் புதிதாக மூன்று பச்சைப் புள்ளிகள், முக்கோணமாக.

"என்ன இது?"

"தேருல ஒரு குறத்தி பச்சை குத்திட்டு இருந்தாங்க. மல்லம்மா நெத்தியில திரும்பக் குத்தச் சொன்னேன். வெந்த தோலுல ஊசி ஏறாதுன்னுட்டாங்க. போவட்டும், இவ புள்ளி என் கையில இருக்கட்டும்னு குத்திட்டேனுங்க. எந்த ரவிக்கையும் எட்டாத எடமாப் பாத்துத்தான் குத்தியிருக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மை ஊற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"புஸ்தகத்துல ஏத்துங்க சாமி" என்றாள். "பொறவு ஒத்துவரலீம்பீங்க."

ஏற்றினேன். "வலது புறங்கையில் பச்சைப் புள்ளி மூன்று" என்று எழுதி, காரணம் என்ன போட வேண்டும் என்று கேட்டேன்.

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என் இஷ்டம்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். டாக்டர் கனகலக்ஷ்மி அதற்கும் கையெழுத்துப் போட்டார்.